கோவூர் மாஸ்டரும் எங்கள் வீட்டு ஜின்னும்

கடந்த மாதம் ஒரு ஜும்ஆத் தொழுகைக்குப் பின்னர் பள்ளிவாசல் முற்றத்தில் சகோதரர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அவருடைய மகனுக்குப் பதினேழு வயது. மூன்று மாதங்களாகப் பிள்ளை இரவில் உறங்குவதில்லை. யாரோ தன்னைப் பெயர் சொல்லி அழைப்பதாகச் சொல்கிறான். பாடசாலைக்குப் போவதை நிறுத்திவிட்டான். தூரத்து ஊரில் ஓதிப் பார்க்கும் ஒருவரிடம் கூட்டிப்போகும்படி உறவினர்கள் சொல்கிறார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி மச்சான் சொல்கிறார். இரண்டுக்கும் நடுவில் அந்தத் தகப்பன் நின்றுகொண்டிருந்தார்.

அவருடைய பயம் நோயைப் பற்றியது மட்டுமல்ல. மனநோய் கிளினிக்கின் வாசலில் மகனை யாராவது கண்டுவிட்டால் பைத்தியம் என்று ஊர் சொல்லும், நாளை அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள் என்பதுதான் அவரை வாட்டியது. ஜின் என்று சொல்லிவிட்டால் அந்தப் பழி இல்லை. ஜின் வெளியில் இருந்து வந்தது, போய்விட்டால் பிள்ளை சுத்தம். இப்படித்தான் நம்மில் பல குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. எங்கள் குடும்பமும் ஒரு காலத்தில் இதே கணக்கைப் போட்டது. அதைப் பின்னர் சொல்கிறேன்.

அந்தச் சகோதரரோடு பேசிவிட்டு சோனகத் தெரு வழியாக நடந்து வந்தபோது எனக்கு ஒருவருடைய நினைவு வந்தது. யாழ்ப்பாணத்தில் ஆசிரியராக இருந்து, பிற்காலத்தில் இலங்கையும் இந்தியாவும் அறிந்த பெயராக மாறிய ஆபிரகாம் கோவூர். இறைவனே இல்லை என்று வாழ்நாள் முழுவதும் வாதாடிய ஒருவரைப் பற்றி முஸ்லிம் இணையத்தளத்தில் எழுதுவது சிலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஆனாலும் அவர் கேட்ட கேள்வி ஒன்று நமக்கு இன்று தேவைப்படுகிறது. அவர் சொன்ன பதில் முழுவதையும் ஏற்க வேண்டியதில்லை. கேள்வியை ஏற்றால் போதும்.

1898 ஏப்ரல் 10ஆம் திகதி கேரளத்தின் திருவல்லாவில் அவர் பிறந்தார். தகப்பனார் மார்த்தோமா சிரியன் சபையின் உயர் பொறுப்பில் இருந்த பாதிரியார். வேதமும் வழிபாடும் நிறைந்த வீடு. அந்த வீட்டில் இருந்து அண்ணனும் தம்பியுமாக இருவர் கல்கத்தாவுக்குப் போய் பங்கபாசிக் கல்லூரியில் படித்தார்கள். ஆபிரகாம் தாவரவியலையும் விலங்கியலையும் எடுத்துக்கொண்டார். சகோதரர் பெஹனன் பின்னர் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குச் சென்று உளவியலாளர் ஆனார். யோகாசனத்தையும் மூச்சுப் பயிற்சியையும் ஆய்வுகூட முறையில் ஆராய்ந்து 1937இல் ஒரு நூல் வெளியிட்டார். ஆக, ஒரே பாதிரியார் வீட்டில் வளர்ந்த இருவரும் மனித மனம் எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியிடமே வெவ்வேறு பாதைகளால் வந்து சேர்ந்தார்கள்.

கல்கத்தா நாட்களைப் பற்றிக் கோவூர் திரும்பத் திரும்பச் சொன்ன கதை ஒன்று உண்டு. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது கங்கை நீர் கொண்டுவரும்படி அயலவர்கள் கேட்டிருந்தார்கள். கங்கையில் பிணங்கள் மிதப்பதைக் கண்ட அவருக்கு அந்த நீரை எடுக்க மனம் வரவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் கேரளத்து ரயில் நிலையம் ஒன்றின் குழாயில் நீர் பிடித்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். அதைப் பருகியவர்கள் தங்கள் நோய் தீர்ந்ததாகப் பின்னர் வந்து நன்றி சொன்னார்கள். இளைஞனுக்குச் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. வெறும் குழாய் நீர் நோயைக் குறைத்தது என்றால் குறைத்தது நீர் அல்ல, நம்பிக்கை. நம்பிக்கை மனத்தில் இருக்கிறது, நோய் உடலில் இருக்கிறது. மனம் உடலுக்குள் எப்படிக் கையை நீட்டுகிறது? இந்தக் கேள்வி அவரைக் கடைசிவரை விடவில்லை.

கோட்டயத்தில் சிறிது காலம் கற்பித்த பின்னர் 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கோட்டைக்கு அருகே இருக்கும் அந்தக் கல்லூரியை நம்மில் யாருக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. 1816இல் மெதடிஸ்த மிஷனரிமார் தொடங்கியது. அங்கே வந்து சேர்ந்த மலையாளத்து ஆசிரியர் பல ஆண்டுகள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு உயிரியல் சொல்லிக் கொடுத்தார்.

என் மூத்தாப்பா அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். கோவூர் மாஸ்டர் என்றுதான் அவரைக் குறிப்பிடுவார். மூத்தாப்பா அடிக்கடி சொன்ன கதை ஊரில் பலருக்கும் தெரிந்தது. கல்லூரி அதிபர் கோவூரிடம் வேதாகமப் பாடத்தை ஒப்படைத்தாராம். பரீட்சை முடிவு வந்தபோது பிள்ளைகள் மிக நன்றாகச் சித்தியடைந்திருந்தார்கள். ஆனாலும் அடுத்த ஆண்டு அந்தப் பாடம் அவரிடம் இருந்து எடுக்கப்பட்டது. காரணம், பிள்ளைகள் பாடத்தில் சித்தியடைந்தார்கள், நம்பிக்கையில் தோற்றுவிட்டார்கள் என்பது. இதைச் சொல்லிவிட்டு மூத்தாப்பா வாய்விட்டுச் சிரிப்பார், உடனே அஸ்தஃபிருல்லாஹ் என்றும் சொல்லிக்கொள்வார். ஐந்து நேரமும் தொழுத மனிதர் அவர். ஆனாலும் அந்த ஆசிரியர் மீது அவருக்கு இருந்த மரியாதை கடைசிவரை குறையவில்லை. நான் முதன்முதலில் கோவூரை அறிந்தது அந்தச் சிரிப்பின் ஊடாகத்தான்.

யாழ்ப்பாணத்தில் இருந்து காலி ரிச்மண்ட் கல்லூரி, பின்னர் கல்கிசை புனித தோமையர் கல்லூரி, கடைசியாகக் கொழும்பு தேர்ஸ்டன் கல்லூரி என்று அவருடைய ஆசிரியப் பணி தொடர்ந்தது. தேர்ஸ்டனில் விஞ்ஞானப் பிரிவின் தலைவராக இருந்து 1959இல் ஓய்வு பெற்றார். பலர் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியைத் தேடுவார்கள். கோவூருக்கு உண்மையான வேலை அப்போதுதான் தொடங்கியது. பாமன்கடையில் இருந்த தன் வீட்டுக்குத் திருவல்லா என்று பிறந்த ஊரின் பெயரை வைத்துக்கொண்டு, இலங்கைப் பகுத்தறிவாளர் சங்கத்தின் தலைவராக இருந்து, பேய் வீடுகளையும் சாமியாடிகளையும் சோதிடர்களையும் தேடிப் போகத் தொடங்கினார்.

1963இல் அவர் விடுத்த சவால் பத்திரிகைகளில் பெரிதாகப் பேசப்பட்டது. ஏமாற்றுக்கு இடமில்லாத நிபந்தனைகளின் கீழ் ஏதாவது ஓர் அற்புத சக்தியைக் காட்டுபவருக்கு ஒரு லட்சம் ரூபாய். அந்தக் காலத்து ஒரு லட்சம் ஒரு சொத்து. மூடிய கடித உறைக்குள் இருக்கும் பணத்தாளின் இலக்கத்தைப் படித்துச் சொன்னால் போதும், தண்ணீர் மேல் நடந்தால் போதும் என்று பட்டியல் நீண்டது. அவர் மரணிக்கும் வரை அந்தப் பணத்தை ஒருவராலும் வெல்ல முடியவில்லை. இராகு காலம், கெட்ட நேரம் என்று மற்றவர்கள் ஒதுக்கும் வேளைகளில் வேண்டுமென்றே காரியங்களைத் தொடங்கினார். பேய் உலாவுவதாகச் சொல்லப்பட்ட வீடுகளில் இரவில் தங்கினார். தீமிதிப்பில் தெய்வ சக்தி இல்லை, தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும், கால் தணலைத் தொடும் நேரமும் குறைவு என்று அவரும் அவரோடு சேர்ந்தவர்களும் நடந்தே காட்டினார்கள். அவருடைய தூண்டுதலால் இந்தத் துறைக்குள் வந்த மருத்துவப் பேராசிரியர் கார்லோ பொன்சேகா, தீமிதிப்பை உடலியல் நோக்கில் ஆராய்ந்து 1971இல் கட்டுரை வெளியிட்டார்.

ஆனால் நான் இங்கே எழுத வந்தது சவால்களைப் பற்றி அல்ல. கோவூரிடம் வந்த குடும்பங்களைப் பற்றி.

வீட்டுக்கூரையில் கல் விழுகிறது, சோற்றில் மண் கிடக்கிறது, அலுமாரிக்குள் இருந்த உடுப்பு எரிகிறது, மகளின் வாயால் செத்துப்போன யாரோ பேசுகிறார் என்று பல ஊர்களில் இருந்தும் அவருக்குக் கடிதம் வரும். மந்திரவாதிக்கும் பூசாரிக்கும் கொடுத்துக் களைத்த பின்னர் கடைசியாக அவரிடம் வருவார்கள். அவர் போய் வீட்டாரை ஒருவர் ஒருவராகத் தனியே இருத்திப் பேசுவார். பேயைத் தேட மாட்டார். இந்த வீட்டில் யார் துன்பப்படுகிறார் என்று தேடுவார். பெரும்பாலும் ஒருவர் கிடைப்பார். விருப்பமில்லாத கலியாணம் பேசப்பட்ட பெண்ணாக இருக்கும். அடியும் வசையும் வாங்கும் வேலைக்காரச் சிறுமியாக இருக்கும். மாமியார் வீட்டில் மூச்சுவிட இடமில்லாத மருமகளாக இருக்கும். வாய் திறந்து சொல்ல முடியாததை அந்த உயிர் கல்லாலும் நெருப்பாலும் சொல்லிக்கொண்டிருக்கும். சில வேளை தான் செய்கிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

அப்படிப்பட்டவரை அவர் மனோவசியத்தால் உறங்கச் செய்து உள்ளே இருப்பதைப் பேச வைப்பார். பின்னர் வீட்டாரை அழைத்து, கலியாணத்தை நிறுத்துங்கள், பிள்ளையைப் பெற்றோரிடம் அனுப்புங்கள், தனிக்குடித்தனம் போகவிடுங்கள் என்று சொல்லுவார். கல் விழுவது நின்றுவிடும். இந்த அனுபவங்களை அவர் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழ், மலையாளம் உட்படப் பல மொழிகளில் அவை வந்தன. அவருடைய குறிப்புகளில் இருந்த ஒரு சம்பவம் 1972இல் மலையாளத்தில் புனர்ஜென்மம் என்றும், அடுத்த ஆண்டு தமிழில் மறுபிறவி என்றும் திரைப்படம் ஆனது.

இந்த வேலையின் அடியில் அவருக்கு ஓர் உறுதியான கொள்கை இருந்தது. மனம் என்பது மூளையின் தொழில், அதற்கு மேல் ஒன்றும் இல்லை. எண்ணெயும் திரியும் உள்ளவரை விளக்கில் சுடர் இருக்கும். எண்ணெய் தீர்ந்தால் சுடர் எங்கேயும் போவதில்லை, இல்லாமல் போகிறது. அதுபோல மூளை நின்றால் மனமும் நின்றுவிடும். எனவே உடலை விட்டுப் பிரிந்து அலையும் ஆவி என்று ஒன்று இருக்க முடியாது, அது இன்னொருவரின் உடலுக்குள் நுழையவும் முடியாது. அவருடைய கருத்தின் சாரம் இதுதான்.

இதற்கு விஞ்ஞானத்தில் வலுவான ஆதாரங்கள் உண்டு. 1848இல் அமெரிக்காவில் ரயில் பாதை போடும் வேலையில் இருந்த பினியாஸ் கேஜ் என்பவருடைய தலையை இரும்புக் கம்பி ஒன்று ஊடுருவிச் சென்றது. அவர் பிழைத்துக்கொண்டார். ஆனால் பொறுமையும் பொறுப்பும் உள்ள மனிதராக இருந்தவர் கோபக்காரராகவும் நிலையில்லாதவராகவும் மாறிவிட்டதாக அவருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவர் பதிவு செய்தார். மூளையின் முன்பகுதி பழுதானால் குணமே மாறும் என்பதை உலகம் அப்போது கண்டது. கனடாவின் மொன்றியலில் வில்டர் பென்பீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வலிப்பு நோயாளிகளை விழிப்பில் வைத்துக்கொண்டே மூளையின் பொட்டுப் பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தொட்டார். சிலருக்கு முன்பு கேட்ட பாட்டு கேட்டது, அங்கே இல்லாதவரின் குரல் கேட்டது. காதில் ஒலி விழாமலேயே மூளையால் ஒலியைக் கேட்க முடியும் என்பது அதனால் விளங்கியது. 1952இல் குளோர்புரோமசின் என்ற மருந்து மனநோய்க்குப் பயன்படத் தொடங்கியது. பல ஆண்டுகளாகக் குரல்கள் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு குளிசையால் அந்தக் குரல்கள் தணிந்தன. குளிசைக்கு ஆவியை விரட்டத் தெரியாது. அது வேலை செய்வது மூளையின் இரசாயனத்தில்.

இப்போது எங்கள் வீட்டுக் கதைக்கு வருகிறேன்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்ததை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். ஒஸ்மானியாக் கல்லூரி ஜின்னா மைதானத்துக்கு வரச் சொன்னார்கள். இரண்டு மணித்தியாலம் தந்தார்கள். உம்மாவின் தங்கை, என் சாச்சிக்கு அப்போது இருபத்தாறு வயது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் வாழத் தொடங்கிய இரண்டாம் ஆண்டில் அவருக்குக் குரல் கேட்கத் தொடங்கியது. நடுச்சாமத்தில் எழுந்து உடுப்புகளைப் பொதியாகக் கட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். கேட்டால், மைதானத்துக்கு வரச் சொல்லி அறிவிக்கிறார்கள், உங்களுக்குக் கேட்கவில்லையா என்று எங்களைக் கேட்பார்.

ஜின் பிடித்துவிட்டது என்று அயலில் சொன்னார்கள். யாழ்ப்பாணத்து வீடு பூட்டிக் கிடக்கிறது, அதில் குடிபுகுந்த ஜின் சாச்சியைத் தேடி வந்திருக்கிறது என்று ஓதிப் பார்த்தவர் சொன்னார். தாவீஸ் கட்டினார்கள். ஓதிய தண்ணீர் கொடுத்தார்கள். அதில் எல்லாம் தீங்கு இல்லை. பின்னர் வேறொருவரிடம் கொண்டுபோனார்கள். அவர் பிரம்பால் அடித்தார். மிளகாய்ப் புகை போட்டார். மூன்று நாள் சோறு கொடுக்கவில்லை. அடி சாச்சிக்கு அல்ல, ஜின்னுக்குத்தான் விழுகிறது என்று எங்களுக்குச் சொன்னார். நாங்கள் நம்பினோம். நான் அப்போது பெரிய பிள்ளை, வாசலில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டேன். கத்தியது சாச்சியின் குரல்தான். ஜின்னின் குரல் ஒன்றும் எனக்குக் கேட்கவில்லை. அவருடைய மணிக்கட்டில் அன்று பட்ட சூட்டுத் தழும்பு கடைசிவரை மாறவில்லை.

முகாமுக்கு வந்த மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் கடைசியில் அரச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கொண்டுபோனோம். குளிசை கொடுத்தார்கள். ஆறு, ஏழு வாரத்தில் சாச்சி இரவில் உறங்கத் தொடங்கினார். ஒலிபெருக்கி மெல்ல ஓய்ந்தது. அதன் பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். முகாம் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக் கொடுத்தார். அல்லாஹ் அவருடைய கப்றை விசாலமாக்குவானாக.

பிற்காலத்தில் கோவூரைப் படித்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. அவர் எங்கள் கொட்டிலுக்கு வந்திருந்தால் முதலில் கேட்டிருக்கக்கூடிய கேள்வியை நாங்கள் யாரும் கேட்கவில்லை. இந்த வீட்டில் யார் துன்பப்படுகிறார், ஏன்? விடை எங்கள் கண்ணுக்கு முன்னால் இருந்தது. ஒரு பெண்ணை அவளுடைய வீட்டில் இருந்து இரண்டு மணித்தியாலத்தில் வெளியேற்றினார்கள். அந்த அறிவிப்பை அவளுடைய மூளையால் நிறுத்த முடியவில்லை. அதைப் புரிந்துகொள்ள ஜின் தேவைப்படவில்லை.

ஆனால் இதே இடத்தில்தான் நான் கோவூரிடம் இருந்து விலகுகிறேன்.

சாச்சியின் நோய் மூளையில் இருந்தது என்பது உண்மை, குளிசை அதைக் காட்டியது. ஆனால் அந்த நோயை மூளைக்குள் கொண்டுவந்தது எது? கிருமி அல்ல, கம்பி அல்ல. சொற்கள். ஓர் அறிவிப்பின் பொருள். பொருள் என்பதை மனம்தான் விளங்கிக்கொள்கிறது. ஒலிபெருக்கியின் அதே சத்தம் தமிழ் தெரியாத ஒருவரின் காதிலும் அன்று விழுந்திருக்கலாம், அவர் உறங்கியிருப்பார். மூளை மனத்தை ஆட்டுகிறது, மனமும் மூளையை ஆட்டுகிறது. குழாய் நீரால் நோய் குறைந்ததைக் கண்ட இளைஞனுக்கு இது தெரிந்திருந்தது. முதிர்ந்த கோவூர் அந்தப் பாதையின் ஒரு திசையை மட்டும் அதிகம் வலியுறுத்தினார் என்பது என் எண்ணம்.

அவருடைய விளக்கும் சுடரும் உவமை அழகானது, ஆனால் அது ஒன்றுதான் உவமை என்றில்லை. கோவூர் பிறந்த அதே 1898இல் அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் சிறு நூல் ஒன்றை வெளியிட்டார். மூளை மனத்தை உண்டாக்குகிறது என்று சொல்வது போலவே, மூளை மனத்தைக் கடத்துகிறது என்றும் சொல்ல இடமுண்டு, கண்ணாடி ஒளியை உண்டாக்காமலே கடத்துவதைப் போல என்று அதில் வாதிட்டார். இன்றைய மொழியில் சொன்னால் வானொலிப் பெட்டி. பெட்டி பழுதானால் பாட்டு நிற்கும். அதை வைத்துப் பாட்டே பெட்டிக்குள்தான் பிறந்தது என்று முடிவு கட்ட முடியாது. ஆயிரக்கணக்கான மூளைகளைத் தன் கண்ணால் கண்ட பென்பீல்டும் கோவூரைப் போன்ற முடிவுக்கு வரவில்லை. 1975இல் எழுதிய நூலில், மூளையை மட்டும் வைத்து மனத்தை முழுவதும் விளக்க முடியாது என்ற பக்கத்துக்கே அவர் சாய்ந்தார். இன்றும் இந்த விவாதம் தீரவில்லை. ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக் கலங்களின் மின்துடிப்பில் இருந்து வலியும் ஏக்கமும் எப்படி உணரப்படுகின்றன என்பதற்கு எல்லோரும் ஒப்பும் விடை கிடைக்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோவூர் மருத்துவர் அல்லர். அவருக்குக் கிடைத்த கலாநிதிப் பட்டம் அமெரிக்காவில் மினசோட்டாவின் மெய்யியல் நிறுவனம் ஒன்று கொடுத்தது. வீட்டுத் துன்பத்தால் ஆட்டம் காட்டும் மனத்துக்கு அவருடைய மனோவசியமும் அறிவுரையும் உதவின. ஆனால் சாச்சியைப் போன்றவருக்கும், மூன்று மாதம் உறங்காத பிள்ளைக்கும் தேவைப்படுவது முறையாகப் பயின்ற மனநல வைத்தியர். ஓதுபவர் இருந்த இடத்தில் மனோவசியக்காரரை இருத்துவது தீர்வாகாது.

நம்முடைய மார்க்கம் இந்த விஷயத்தில் நம்மை எங்கே நிறுத்துகிறது? ரூஹைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, அது இறைவனின் விவகாரம், மனிதருக்குக் கொடுக்கப்பட்ட அறிவு சொற்பம் என்ற அளவோடு குர்ஆன் நிறுத்திக்கொள்கிறது. ஜின்கள் உண்டு என்பது நம் ஈமானில் உள்ளது. ஆனால் ஜின் உண்டு என்று நம்புவது வேறு, இந்தப் பிள்ளையின் நோய்க்குக் காரணம் ஜின் என்று ஒருவர் அடித்துச் சொல்வது வேறு. முதலாவது மார்க்கம். இரண்டாவது ஒரு மனிதரின் ஊகம். வலிப்பு நோய் இருந்த ஒரு பெண் நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களிடம் வந்த சம்பவம் புஹாரியில் பதிவாகியுள்ளது. அவர்கள் அந்தப் பெண்ணைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை, அடிக்கச் சொல்லவில்லை. பொறுமைக்குச் சுவர்க்கத்தைச் சொன்னார்கள், வலிப்பு வரும்போது ஆடை விலகாதிருக்கவேண்டும் என்று அந்தப் பெண் கேட்டதற்காகப் பிரார்த்தித்தார்கள். நோயாளியின் மானத்தைக் காப்பது இங்கே சிகிச்சையின் ஒரு பகுதியாகவே நிற்கிறது. நோய்க்கு மருந்து தேடும்படி அவர்கள் ஏவியதையும் நாம் அறிவோம்.

நம் முன்னோர்கள் அதைச் செய்தும் காட்டினார்கள். 934இல் வபாத்தான அபூ ஸைத் அல்பல்கி, உடலின் நலன்களையும் உள்ளத்தின் நலன்களையும் சேர்த்து ஒரு நூல் எழுதினார். கவலை, பயம், கோபம், திரும்பத் திரும்ப வரும் வீண் எண்ணம் ஆகியவற்றை நோய்களாகப் பிரித்து ஆராய்ந்தார். உடல் நோயுற்றால் உள்ளமும், உள்ளம் நோயுற்றால் உடலும் பாதிக்கப்படும் என்பது அவருடைய நிலைப்பாடு. இப்னு சீனா தன் மருத்துவப் பெருநூலில் கற்பனையையும் நினைவையும் மூளையின் வெவ்வேறு அறைகளோடு தொடர்புபடுத்தினார். அதே இப்னு சீனாதான் வெட்டவெளியில் எதையும் தொடாமல், காணாமல் மிதக்கும் மனிதனைக் கற்பனை செய்து, அவனும் தான் இருப்பதை அறிவான், எனவே ஆன்மா உடலை விட வேறானது என்று வாதிட்டார். மூளையை மதித்ததால் அவர் ஆன்மாவை விடவில்லை. 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய வைத்தியசாலையில் மனநோயாளருக்கும் இடம் இருந்தது. இந்த வரலாறு உள்ள சமுதாயம் 1992இல் ஒரு பெண்ணை மிளகாய்ப் புகைக்குள் இருத்தியது. அதில் நானும் ஒருவன்.

கோவூர் 1978 செப்டெம்பர் 18ஆம் திகதி காலமானார். தன் கொள்கைக்கு ஏற்பவே மரணத்துக்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். அடக்கமும் சடங்கும் வேண்டாம் என்றார். கண்கள் கண் வங்கிக்கு, உடல் மருத்துவ மாணவர்கள் படிப்பதற்கு, கடைசியில் எலும்புக்கூடு தான் கற்பித்த தேர்ஸ்டன் கல்லூரியின் விஞ்ஞான ஆய்வுகூடத்துக்கு என்று எழுதி வைத்தார். மண்ணறையையும் மறுமையையும் நம்பும் எனக்கு அந்த முடிவு உவப்பானதல்ல. ஆனாலும் சொன்னதற்கும் வாழ்ந்ததற்கும் இடைவெளி வைக்காத ஒருவரை மதிக்காமல் இருக்க முடியவில்லை. மூத்தாப்பாவின் சிரிப்பில் இருந்த மரியாதை இப்போது எனக்கு விளங்குகிறது.

பள்ளிவாசல் முற்றத்தில் நின்ற அந்தத் தகப்பனிடம் நான் பெரிய விளக்கம் எதுவும் சொல்லவில்லை. சாச்சியின் மணிக்கட்டைப் பற்றிச் சொன்னேன். மகனுக்காக நீங்களே ஓதுங்கள், தாயும் தகப்பனும் ஓதுவதை விடச் சிறந்த ஓதுதல் எது, ஆனால் திங்கட்கிழமை காலையில் கிளினிக்குக்குப் போய்விடுங்கள் என்றேன். தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு நட்டம் என்றேன். யாராவது அடிக்க வேண்டும், பட்டினி போட வேண்டும் என்று சொன்னால் அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள் என்றேன். அவர் போனார். இப்போது பிள்ளை உறங்குகிறான், மருந்து தொடர்கிறது. அதற்கு மேல் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

நம் பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் உலமாக்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் இலவச முகாம் நடத்துகிறோம், அறிவிப்புச் செய்கிறோம். மனநலக் கிளினிக் எந்த வைத்தியசாலையில், எந்த நாளில் நடக்கிறது என்பதையும் அதே ஒலிபெருக்கியில் அறிவியுங்கள். வெளியேற்றமும் முகாம் வாழ்வும் மீள்குடியேற்றமும் கண்ட சமுதாயம் இது. காயம் பட்ட மனங்கள் நம் வீடுகளில் நிறைய உண்டு. ஒரு குத்பாவில், மனநோய் ஈமானின் குறையல்ல என்று ஒரு ஆலிம் சொன்னால் பத்து நூல்கள் செய்யாததை அது செய்யும். ஒரு ஒலிபெருக்கி சாச்சியை உறங்கவிடவில்லை. இன்னொரு ஒலிபெருக்கி வேறொரு பிள்ளையை உறங்கவைக்கலாம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.